நாளைக்கு வாரேனுங்க

கண்ணு,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ, “பரவால்லீங்கப்பா, உடுங்க” என்பாய். நானும் விட்டுவிடுவேன். சாப்பிட்டாயா, சாப்பிட்டீங்களா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வைத்துவிடுவோம். உங்கம்மா போன இந்த மூன்று வருடமாக அப்படித்தானே பேசிக்கொண்டிருக்கிறோம்? அதனால்தான் பேனாவை எடுத்தேன். இன்றைக்கு வியாழன். சாயங்காலம் கொடுத்தால் சனிக்கிழமை பெங்களூரில் உன் கையில் இருக்கும் என்று கூரியர் கடையில் கேட்டு வைத்திருக்கிறேன்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வருகிற புதன்கிழமை நீ வேலுச்சாமியின் தோப்புக்குச் சோதனைக்குப் போகாதே. வேறு எந்த நாளில் வேண்டுமானாலும் போ. எந்த நாள் என்று எனக்கும் சொல்லாதே. நீ புதன்கிழமை வருகிறாய் என்று அவரிடம் நான் சொல்லிவிட்டேன். ஆமாம், நான்தான். கெட்ட புத்தியில் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன். எப்படி வாயில் வந்தது, ஏன் வந்தது என்பதற்குத்தான் மீதிக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொண்டு படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய். உன் போன் கம்பெனிக்காகப் பழைய போன்களைப் பிரித்துக் கொடுக்கிற யூனிட்டுகளை நேரில் போய்ப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று எழுதிக் கொடுப்பது இனிமேல் உன் பொறுப்பு. முதல் பட்டியலிலேயே கிணத்துக்கடவு தாண்டித் தென்னந்தோப்புக்குள் இருக்கிற நம் வேலுச்சாமியின் யூனிட். “ஒரு வாரம் முன்னாடி மெயில் அனுப்பீட்டுப் போறதுதான் வழக்கமாம்ப்பா. சொல்லாமப் போறதா இருந்தாலும் போலாம்னு எங்க மேனேஜர் சொல்லீட்டாரு. நீங்க இருபத்தெட்டு வருசம் இதேதான பண்ணுனீங்க, நீங்க சொல்லுங்க” என்றாய். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “சொல்லீட்டுப் போ கண்ணு. நாலு பேரு வேல செய்யற எடத்துல திடுதிப்புன்னு போயி நிக்கறது மரியாதை இல்ல” என்றேன். நீ சரிங்கப்பா என்று வைத்துவிட்டாய். செவ்வாய்க்கிழமை திரும்பக் கூப்பிட்டாய். “யோசிச்சுப் பாத்தேனுங்கப்பா. சொல்லாமயே போயிர்றேன். புதன்கிழமை காத்தால நேரா தோப்புல எறங்கீட்டு, மத்தியானம் ஊட்டுக்கு வாரேன்.” யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று நீ சொல்லவில்லை. என்னிடம் போய் அதைச் சொல்ல வேண்டுமா என்று நினைத்திருப்பாய். அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் வேலையை நான் கிண்டல் செய்ததெல்லாம் உனக்கு நினைவிருக்கும். சஸ்டெய்னபிலிட்டி என்று நீ முதலில் சொன்னபோது, அது என்ன மருந்து என்று கேட்டேன். போன் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டு, பூமியைக் காப்பாற்றிவிட்டோம் என்று பச்சை இலை படம் போடுகிறார்களே, அந்தக் கூட்டமா என்று கேட்டேன். நீ கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. ஆனாலும் சட்டம் நல்ல சட்டம், அதை நான் எப்போதும் சொல்வேன். போனை விற்கிறவன் விற்றதோடு கையைக் கழுவ முடியாது, அது பழசாகிக் குப்பைக்கு வரும்போதும் அவன்தான் பொறுப்பு. இத்தனை எடை பழைய போனைத் திரும்ப வாங்கினேன், விஷம் மண்ணுக்கும் காற்றுக்கும் போகாமல் பிரித்தேன் என்று சான்று காட்ட வேண்டும். இந்தச் சட்டம் வந்த புதிதில் எங்கள் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஒருத்தருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான் உட்கார்ந்து வரி வரியாகப் படித்து, மற்றவர்களுக்கு வகுப்பு எடுத்தேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. சட்டம் எழுதினவர்கள் எல்லாவற்றையும் எழுதினார்கள். ஆனால் சோதனைக்குப் போகிற ஆள் எப்படிப்பட்ட ஆள் என்பதை அவர்களால் எழுத முடியுமா?

நான் எப்படிப்பட்ட ஆள் என்பதற்குக் காங்கேயத்துக் கதையைச் சொல்ல வேண்டும். உங்கம்மாவை நான் கட்டிய புதிது. ஒரு வேலையாகக் காங்கேயம் போனவன், இவ்வளவு தூரம் வந்தோமே என்று மாமனார் வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன். சொல்லவில்லை, கொள்ளவில்லை. அங்கே அன்றைக்கு அடுப்பே பற்ற வைத்திருக்கவில்லை. என் மாமனார் கிழிந்த பனியனோடு நின்றார். மாமியார், உன் அமுச்சி, “ஏனுங் மாப்பள, ஒரு வார்த்த சொல்லீட்டு வந்திருக்கக் கூடாதுங்களா” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிச் சமையல்கட்டுக்குள் போனார். பக்கத்து வீட்டிலிருந்து அரிசி வந்தது. கோழியும் வந்தது. தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். ஊருக்கு வந்து சொன்னதும் உங்கம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். “எங்கப்பாவ இப்படிக் கூனிக்குறுக வெச்சுட்டு வந்திருக்கீங்களே” என்று ஒரே அழுகை. அன்றைக்கு முடிவு செய்தேன், செத்தாலும் இனி ஒரு வீட்டுக்குள் சொல்லாமல் கால் வைப்பதில்லை என்று. நம் ஊரில் எல்லாரும் அப்படித்தான். வரப்போகிறவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், இருக்கிறவன் ஒரு வாய் சோற்றுக்காவது தயாராக வேண்டும். அதுதான் மானம், அதுதான் மரியாதை.

அந்த மரியாதையைத் தூக்கிக்கொண்டு நான் ஆபீசுக்கும் போனேன். சாயப்பட்டறையோ, வார்ப்பட ஆலையோ, எதற்குச் சோதனைக்குப் போனாலும் முந்தின நாள் போன் போட்டுவிடுவேன். “ஏனுங்க, நாளைக்கு வாரேனுங்க. பத்து மணிக்குங்க.” அவ்வளவுதான். ஒரு காசு வாங்கியதில்லை. எவன் வீட்டுக் கல்யாணத்துக்கும் போய்ப் பந்தியில் உட்கார்ந்ததில்லை. இளநீர் கொடுத்தால் குடிப்பேன், அதுவும் வெயில் காலத்தில். நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, கை சுத்தமான மனுசன் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். நீயும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாய். உங்கம்மா மட்டும்தான் அந்தப் பழக்கத்தைக் கேலி செய்வாள். நான் போனை வைத்ததும், “ஏனுங்க, நீங்க போறது சோதனைக்குங்களா, பொண்ணு பாக்கறதுக்குங்களா?” என்பாள். ஒரு தடவை கேலி இல்லாமலும் சொன்னாள். “காங்கேயத்துல அன்னிக்கு நீங்க சொல்லாமப் போனதுனாலதான எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியலைன்னு தெரிஞ்சுது? சொல்லீட்டுப் போனப்பெல்லாம் ஒரே எடத்துல உக்காந்து சிரிச்சுட்டே இருந்துச்சே, யாருக்காச்சும் தெரிஞ்சுதுங்களா?” உண்மைதான். அதற்கப்புறம்தான் உன் அமுச்சியைக் கோயமுத்தூர் கூட்டி வந்து கண்ணில் ஆபரேசன் செய்தோம். இதை உங்கம்மா சொன்னபோது நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ம் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அவள் சொன்னதை அப்போதே காதில் வாங்கியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

வேலுச்சாமியின் யூனிட்டுக்கு நீ சின்னப் பிள்ளையாக ஒரு தடவை என்னோடு வந்திருக்கிறாய். முன்னால் வெள்ளை விளக்குப் போட்ட நீளமான கூடம். பெண்கள் கையுறை மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து போனைப் பிரிப்பார்கள். பேட்டரி ஒரு தொட்டியில், கண்ணாடி ஒரு தொட்டியில், உள்ளே இருக்கிற பச்சைத் தகடு ஒரு தொட்டியில். அந்தத் தகட்டில்தான் தங்கமும் இருக்கிறது, விஷமும் இருக்கிறது. யூனிட்டுக்குக் கொடுத்திருக்கும் அனுமதி பிரிப்பதற்கு மட்டும்தான். தகடுகளை அப்படியே மூட்டை கட்டி, வெளியூரில் இருக்கிற பெரிய உருக்காலைக்கு அனுப்பிவிட வேண்டும். நான் போகும்போதெல்லாம் மூட்டைகள் அடுக்கியபடி இருக்கும். காகிதமெல்லாம் கச்சிதம். கூடத்துக்குப் பின்னால் தேங்காய் மட்டைக் குவியல், அதற்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டாய். கொட்டாய் காலியாக இருக்கும். தரையில் புதிதாகத் தென்னை நார்த்தூளைப் பரப்பித் தண்ணீர் தெளித்திருப்பார்கள். காலை வைத்தால் மெத்தென்று இருக்கும். என்ன சுத்தம் பார் என்று நினைத்துக்கொண்டு, ‘வளாகம் மிகத் தூய்மையாகப் பராமரிக்கப்படுகிறது’ என்று அறிக்கையில் எழுதினேன். ஒரு வருடம் இல்லை, ஒவ்வொரு வருடமும் அதே வரி. காலிக் கொட்டாய்க்கு எதற்கடா புது நார்த்தூள் என்று இந்த மண்டையில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

அங்கே மயிலாத்தாள் என்று ஒரு பெண்மணி வேலை செய்தார். நாற்பது வயதிருக்கும், காட்டில் களையெடுக்கிற வேலையை விட்டுப் போன் பிரிக்க வந்தவர். கை அவ்வளவு வேகம். நான் பக்கத்தில் போய் நின்றால் மற்ற பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். மயிலாத்தாள் மட்டும் பேசுவார். “சார், இப்ப வர்ற போனெல்லாம் பேட்டரியக் கோந்து போட்டு ஒட்டிப்போடறானுங்க. நோண்டி எடுக்கறதுக்குள்ள புசுபுசுன்னு பொகையுது. ஒரு ஸ்க்ரூ போட்டா இவனுங்களுக்கு என்ன கேடுங்க? கழட்டறவளும் மனுசிதானுங்களே?” இதைக் கேட்டு நான் சிரித்தேன். உங்கள் கம்பெனியில் பெரிய படிப்புப் படித்தவர்கள் உட்கார்ந்து அடுத்த போனை வரைகிறார்களே, அவர்களிடம் இந்த ஒரு வரியை எடுத்துப் போய்ச் சொல். இலை படத்தைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

ஒரு தடவை நான் கிளம்பும்போது மயிலாத்தாள்தான் இளநீர் கொண்டு வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சின்னக் குரலில், “சார், ஒரு நாளைக்குச் சொல்லாம வாங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சத்தமாகச் சிரித்தேன். “அதெப்படிங்கம்மா, சொல்லாம வந்தா மரியாதை இல்லீங்களே” என்றேன். அதோடு விட்டேனா? ஜீப்பில் ஏறும்போது வழியனுப்ப வந்த வேலுச்சாமியிடம், “உங்க மயிலாத்தா என்னைச் சொல்லாம கொள்ளாம வரச் சொல்லுதுங்க. நான் என்ன, திருட்டுப் பூனையாட்டம் வரோணுங்களா?” என்று வேடிக்கையாகச் சொன்னேன். அவரும் சிரித்தார். “அது அப்படித்தானுங்க, கோளாறு புடிச்சது” என்றார். அடுத்த தடவை போனபோது அந்த இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தார். மயிலாத்தா எங்கே என்று கேட்டேன். ஊருக்குப் போய்விட்டது என்றார்கள். எந்த ஊர், எதற்கு என்று நான் கேட்கவில்லை. இளநீரைக் குடித்துவிட்டு, வளாகம் மிகத் தூய்மை என்று எழுதிவிட்டு வந்தேன்.

ஓய்வு பெற்ற அடுத்த வருடம். உங்கம்மாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு உக்கடம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். “நல்லாருக்கீங்களா சார்?” என்று பக்கத்தில் ஒரு குரல். எனக்கு அடையாளம் தெரியவில்லை. மயிலாத்தாள், பாதியாக இளைத்திருந்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் இருமல். “அம்மணி என்ன படிக்குதுங்க? அன்னிக்கு யூனிட்டுக்குக் கூட்டீட்டு வந்தீங்களே, ரெட்டச் சடையோட” என்றார். உன்னை நினைவு வைத்திருந்தார், கண்ணு. அப்புறம்தான் கையைப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும் தோல் வெந்து சுருங்கிப்போய், இரண்டு விரலில் நகமே இல்லை. என்னம்மா இது என்றேன். “ஆசிடுங்க சார். பின்னால கொட்டாயில. தகட்ட ஆசிட்டுல போட்டுத் தங்கம் எடுக்கறதுங்க. பழுப்பாப் பொகை வரும், கண்ணத் தொறக்க முடியாது. நீங்க வர்ற மொத நாளு டிரம்மெல்லாம் டெம்போல ஏத்திப் பக்கத்துத் தோப்புக்குக் கொண்டு போயிருவாங்க. நாங்க நார்த்தூளு போடுவோம்.” எனக்கு வந்ததே கோபம். அப்போதும் அவர் மேல்தான் வந்தது. “இத்தன நடந்திருக்குது, எங்கிட்ட ஏம்மா சொல்லல?” என்று அதிகாரியாட்டம் கேட்டேன். மயிலாத்தாள் திட்டவில்லை. குரலை உயர்த்தவில்லை. “சொன்னேனுங்களே சார்” என்றார். பொள்ளாச்சி பஸ் வந்தது. “வாரேனுங்க, அம்மாவக் கேட்டதாச் சொல்லுங்க” என்று சொல்லி, அந்தக் கையால் கம்பியைப் பிடித்து ஏறிப் போய்விட்டார். ஊர் பேரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

அதற்கப்புறம் என்ன செய்தாய் என்று நீ கேட்பாய். ஒன்றும் செய்யவில்லை. ஆபீசுக்குப் போய் என் இடத்துக்கு வந்தவரிடம் சொல்லியிருக்கலாம். எழுதிக் கொடுத்திருக்கலாம். எழுதினால் ஒவ்வொரு வருடமும் நான் போட்ட கையெழுத்தை நானே பொய் என்று சொல்ல வேண்டும். கை சுத்தம் என்று மாலை போட்ட கழுத்து எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. உங்கம்மாவுக்கு வேறு உடம்பு முடியாமல் இருந்தது, இப்போது எதற்கு என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அவளிடமும் மறைத்தேன். அப்புறம் அவள் போனாள். அன்றைக்கு நீ விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்து, மயானம் வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தது யார்? வேலுச்சாமிதான். அவர் ராட்சசன் இல்லை, கண்ணு. அதுதான் கஷ்டமே. கெட்டவனாக மட்டும் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இன்றைக்குக் காலையில் அவர் வந்தார். வரும்போது ஒரு பை தேங்காய். உள்ளே வந்து உங்கம்மா படத்துக்கு முன்னால் நின்றுவிட்டு, எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் ஒரு மனுசர் உட்கார்ந்து எத்தனை நாளாகிறது என்று உனக்குத் தெரியுமா? அதன் மேல் நான் துணி மடித்து வைக்கிறேன். அவசரமாக எடுத்துக் கட்டிலில் போட்டேன். காப்பி போட்டேன். பேசினோம். மழை, பஸ், கொப்பரை, அவர் பேரனுக்குப் பல் விழுந்தது. நான் பேசுகிறேன், எதிரில் ஒருத்தர் அப்படீங்களா, அப்படீங்களா என்று கேட்கிறார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பேச்சு தீர்ந்துவிட்டால் எழுந்து போய்விடுவாரே என்று பயந்து, ஒன்று முடிவதற்குள் இன்னொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். “அம்மணி எப்பங்கண்ணா வருது?” என்று கேட்டார். வாயில் தயாராக நின்றதைப்போல வந்துவிட்டது. “புதன்கிழமை வருதுங்க. மொதல்ல உங்க தோப்புக்குத்தான், அப்பறம் மத்தியானம் ஊட்டுக்கு.” சொன்னபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. என் மகள் வருகிறாள் என்று சொல்ல ஒரு ஆள் கிடைத்த சந்தோசம். வேலுச்சாமி டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம், “அப்படீங்களா. சரிங்கண்ணா, நான் கெளம்பறேனுங்க, தோப்புல ஆளு காத்துட்டிருக்கும்” என்று எழுந்துவிட்டார். டம்ளரில் பாதிக் காப்பி அப்படியே இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது. மயிலாத்தாளைக் காட்டிக் கொடுத்தது தெரியாமல் செய்தது என்றாவது சொல்லலாம். இதற்கு என்ன சொல்வேன்?

அதனால்தான் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதை மறந்துவிடு. விருந்துக்குப் போகிற வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போ. சோதனைக்குப் போகிற இடத்துக்குச் சொல்லாமல் போ. முதலில் அங்கே போய் இறங்கினதும் இளநீரை வாங்காதே. அதைக் குடித்து முடிப்பதற்குள் பின்பக்கம் மாறிவிடும். மட்டைக் குவியலைச் சுற்றிக்கொண்டு நேராகப் பின்னால் போ. தரையைப் பார். நார்த்தூள் இருந்தால் காலால் தள்ளிப் பார். பெண்களோடு தனியாக உட்கார், அவர்கள் பேச்சை எடுக்கிற வரைக்கும் சும்மா இரு. சின்னக் குரலில் ஒருத்தி ஏதாவது சொன்னால் சிரிக்காதே. யாரிடமும் அவள் பெயரைச் சொல்லாதே. இன்னொன்று, இதை உன் மேனேஜருக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறேன். தப்பு நடக்கிறது என்று நீ எழுதினால் உங்கள் கம்பெனி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அந்த யூனிட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, நாங்கள் சுத்தம் என்று இன்னொரு இலை படம் போடும். டிரம்மெல்லாம் இன்னொரு தோப்புக்குப் போகும், வேலை போனது அந்தப் பெண்களுக்குத்தான் என்றாகும். அப்படி விட்டுவிடாதே. உங்கள் பேர் போட்ட போனைப் பிரித்து வெந்தது மயிலாத்தாளின் கை. வைத்தியத்துக்கும் மாற்று வேலைக்கும் உங்கள் கம்பெனியே பொறுப்பு என்று எழுது. விற்கிறவனே பொறுப்பு என்று சட்டம் சொல்வது குப்பைக்கு மட்டும்தானா? உனக்கு அங்கே பேர் கெடலாம். வேலைகூடப் போகலாம். எனக்கு வேலை போகவில்லை, பேர் கெடவில்லை. இப்போது எப்படி இருக்கிறேன் பார்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதவில்லை. எங்கள் ஓய்வு பெற்றோர் சங்க மலருக்கு, புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றி ஒரு கட்டுரை கொடுங்கள் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீ போய் வந்த பிறகு இதையே கொடுக்கப் போகிறேன். நான் வேலை பார்த்த ஆபீசுக்கும் கையெழுத்துப் போட்டு ஒரு நகல் கொடுப்பேன். மயிலாத்தாளைத் தேட ஆரம்பிக்கிறேன். பொள்ளாச்சி பஸ் போகிற ஊர்களில் ஒவ்வொன்றாக இறங்கிக் கேட்டால் எங்காவது தெரியாமலா போகும்? வேலுச்சாமி இனிமேல் இந்த வீட்டுக்கு வரமாட்டார். அந்த நாற்காலியில் மறுபடி துணி மடித்து வைத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. இதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன் என்று நினைக்கிறேன். நீ ஒவ்வொரு தடவையும் வியாழக்கிழமை போன் பண்ணுவாய், “அப்பா, சனிக்கிழமை வாரேனுங்க” என்று. நீ வைத்ததும் நான் வேலையை ஆரம்பிப்பேன். சமையல்கட்டில் சேர்ந்திருக்கிற ஓட்டல் பார்சல் கவர்களை மூட்டை கட்டிப் போடுவேன். ஃபிரிட்ஜ் நிறையக் காய்கறி வாங்கி அடுக்குவேன். நீ போன பிறகு அதெல்லாம் வாடிப்போகும். போட மறந்த மாத்திரைகளை எடுத்து அலமாரியின் அடியில் ஒளித்து வைப்பேன். உங்கம்மா அறைக்கு விளக்குப் போட்டு, தூசு தட்டி, ஊதுபத்தி ஏற்றி, தினமும் அங்கே புழங்குகிற மாதிரி ஆக்குவேன். உண்மையில் அவள் போனதிலிருந்து அந்தக் கதவை நான் திறப்பதே நீ வருகிறபோதுதான். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். கை முழுக்க நீலம். நீ வந்தபோது அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஊட்ட எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்கப்பா, எனக்கு இனிக் கவலையே இல்ல” என்றாய். எனக்குப் பெருமையாகவும் இருந்தது. நீ போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

தோப்பு வேலை முடிந்ததும் பொள்ளாச்சி ரோட்டில் கோயமுத்தூர் போகிற எந்த பஸ் வந்தாலும் கைகாட்டி ஏறிக்கொள். சுந்தராபுரத்தில் இறங்கினால் நம் வீடு நடக்கிற தூரம்தான். புதன்கிழமை மத்தியானம் வருகிறேன் என்றாயே, அது வேண்டாம். என்றைக்கு வருகிறாய் என்று போன் பண்ணாதே. பக்கத்து வீட்டிலும் சொல்லாதே. சோறு இருக்காது, நேற்று வாங்கின ரசம் இருந்தால் இருக்கும். நான் சட்டை போட்டிருக்க மாட்டேன். அம்மா அறை பூட்டியிருக்கும். பரவாயில்லை. இங்கேயும் சொல்லாமல் வா, கண்ணு.

அப்பா